நடுவரின் இடது கால்

குழாய் டாக்டர் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளுடைய தம்பிதான். ரத்தக்குழாய் அறுவை சிகிச்சையில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்த அன்று வீடே தலைகால் புரியாமல் துள்ளிக்கொண்டிருந்தது. அவன் மட்டும் சாவகாசமாக, "அப்ப நம்ம வீட்டுக்கு இனிமே பிளம்பர் வேண்டாம்னு சொல்லு" என்றான். அது வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவன், ஆஸ்பத்திரி வரவேற்பறையில் நின்று, "குழாய் டாக்டர் இருக்காங்களா?" என்று ஊருக்கே கேட்கிற குரலில் விசாரித்துவிட்டுப் போனான். மறுநாள் முதல் லிஃப்ட்காரர் வரைக்கும் அதே பெயர்தான்.

அம்மாவுக்கு அது என்ன படிப்பு என்று கடைசிவரை பிடிபடவில்லை. "என் பொண்ணு நரம்பு டாக்டர்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். கை மரத்துப்போனவர்கள், கழுத்து பிடித்துக்கொண்டவர்கள், தூக்கம் வராதவர்கள் எல்லாரும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"அம்மா, நரம்பு வேற, ரத்தக்குழாய் வேற. மூளைக்குள்ள இருக்குற குழாய்க்கு வேற ஆளு. இதயத்துக்கு வேற ஆளு. மிச்சம் உடம்புல ஓடுறதெல்லாம் எங்களோடது. கழுத்துல அடைப்பு, வயித்துல குழாய் வீங்குறது, கால்ல முடிச்சு முடிச்சா புடைச்சுக்குறது, டயாலிசிஸ் பண்றவங்களுக்குக் கையில குழாயைச் சேத்து விடுறது..."

அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். பிறகு, "சரி, எதிர் வீட்டுக்காரருக்குக் கண்ணு துடிச்சுக்கிட்டே இருக்காம், என்னன்னு ஒரு எட்டு பாத்துட்டு வா" என்பாள்.

படிப்பும் லேசுப்பட்டதாக இல்லை. பொது அறுவை சிகிச்சையை முடித்துவிட்டு வந்தவள் என்ற மிதப்பு முதல் வாரத்திலேயே இறங்கிவிட்டது. தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கப் பழக வேண்டும். பழைய கையுறைகளின் விரல்களை வெட்டி ஒன்றோடொன்று தைத்தாள். வாழைப்பழத் தோலைத் தைத்தாள். முடிச்சுப் போட்டுப் பழகிப் பழகி வீட்டில் ஒரு கதவுப் பிடியையும் சும்மா விடவில்லை. எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே குழாய்க்குள் கம்பியை விட்டுப் பலூனை ஊதுகிற அறையில், ஈயக் கவசத்தைச் சுமந்து சுமந்து தோள்பட்டை கழன்றது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மூக்குடைப்பு நாடி பார்ப்பதில்தான் நடந்தது. முதல் வருஷம், மாடிப்படி ஏறி ஓடிவந்த மூச்சோடு ஒருவரின் பாதத்தில் விரல் வைத்து, "நல்லா துடிக்குது சார்" என்று சீஃபிடம் சொன்னாள். துறைத் தலைவரை எல்லாரும் சீஃப் என்றுதான் சொல்வார்கள். அவர் எரிச்சலோடு, "விரலை எடுக்காத. இன்னொரு கையால உன் மணிக்கட்டைப் பிடிச்சுப் பாரு" என்றார். பிடித்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே தாளத்தில் துடித்தன. அவள் இவ்வளவு நேரம் எண்ணிக்கொண்டிருந்தது தன் விரல் நுனியில் ஓடிய தன் நாடியைத்தான். இந்தத் துறைக்கு வருகிற எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு என்று பிறகு தெரிந்தது. ஆனால் அன்றைக்கு வார்டே சிரித்தது, பாதத்துக்குச் சொந்தக்காரர் உட்பட.

இப்போது அவள் படிப்பின் கடைசிப் படியில் நின்றாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவர் முன்னால் ஒரு பெரிய அறுவை சிகிச்சையை, அதாவது காலில் அடைப்பைத் தாண்டி மாற்றுக் குழாய் வைப்பதை, முதல் கீறலிலிருந்து கடைசித் தையல் வரை தானே செய்து காட்ட வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால் அவள் முழு சர்ஜன். போடாவிட்டால் இன்னும் ஆறு மாதம் மாணவி. அவள் தேறுவதில் அவளைவிட அவசரம் சீஃபுக்குத்தான். துறையை ஒப்படைக்க ஆள் இல்லாமல் வருஷக்கணக்காக லீவு எடுக்காத மனிதர் அவர். இந்த முறை மனைவியோடு கடற்கரை ஊர் ஒன்றுக்கு டிக்கெட்டே போட்டுவிட்டார். "நீ சொதப்பினா எனக்கு வீட்டுல சோறு கிடையாது, ஞாபகம் வச்சுக்க" என்று வார்டில் வைத்தே சொன்னார்.

பரீட்சைக்கு அமைந்தது நடுவரின் இடது கால்.

அவர் உள்ளூர் லீகில் கால்பந்து நடுவர். பார்த்தால் ஆள் கம்பீரம், பேசினால் குழந்தை. முதல்முறை வந்தபோது அவருடைய மனைவிதான் இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மா பஸ் கண்டக்டர். ஆக, வீட்டில் விசில் இரண்டு.

"டாக்டரம்மா, இவரு ரோட்டுல நடக்கும்போது எல்லாக் கடை வாசல்லயும் நின்னுடுறாரு" என்று அவள் ஆரம்பித்தாள். "பாத்திரக் கடையில நின்னு குக்கரைப் பாக்குறாரு. வளையல் கடையில நின்னு வளையலைப் பாக்குறாரு. இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு வளையல் வாங்கித் தராத மனுஷன்! கெண்டைக்கால் வலி, அதை மறைக்கத்தான் நிக்கிறாருன்னு அப்புறம்தான் கண்டுபிடிச்சேன்."

"வலியெல்லாம் இல்ல, லேசா பிடிக்கும், நின்னா போயிடும்" என்றார் நடுவர்.

"மைதானத்துல ஓடும்போது பிடிச்சா என்ன சார் பண்ணுவீங்க?" என்று குழாய் டாக்டர் கேட்டாள்.

நடுவர் கூரையைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவர், "விசில் அடிச்சுடுவேன்" என்றார்.

குட்டு வெளிப்பட்டது. கால் பிடிக்கிறபோதெல்லாம் அவர் ஃபவுல் கொடுத்துக்கொண்டிருந்தார். தள்ளினான் என்பார், கையில் பட்டது என்பார். மேட்ச் நகராமல் நொண்டி அடித்தது. ஆட்டக்காரர்கள் போய் முறையிட, லீக் நிர்வாகிகள் அவரைக் கூப்பிட்டு எச்சரித்திருந்தார்கள். இதைக் கேட்டதும் டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கை கழுவுகிற மாதிரி பாவனை செய்தாள்.

ஸ்கேனில் தொடைக்குழாய் நீளமாக அடைபட்டிருந்தது. பலூன் வைத்து விரித்தால் நிற்கிற நீளம் இல்லை. ஆனாலும் கத்தியைத் தூக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சிகரெட்டை விட வேண்டும், மாத்திரை சாப்பிட வேண்டும், தினமும் வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்க வேண்டும்.

"வலிக்குதுன்னு வந்தா நடக்கச் சொல்றீங்களே?" என்றார் நடுவர் பரிதாபமாக.

"பெரிய குழாய் அடைச்சுக்கிச்சு சார். தினமும் நடந்தா, பக்கத்துல இருக்குற சின்னக் குழாயெல்லாம் பெருசாகி ரத்தத்தைக் கொண்டுபோகும்."

கண்டக்டரம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "மெயின் ரோடு அடைச்சா நாங்க சந்து வழியா வண்டியை விடுவோமே, அந்த மாதிரி. நீங்க கவலைப்படாதீங்க டாக்டரம்மா, இவரை நான் ஓட்டிக்கிறேன்."

ஓட்டினாள். டியூட்டி முடிந்ததும் சீருடையோடு பின்னால் நடப்பாள். ஒரு விசில் கொடுத்தால் நிற்க வேண்டும், இரண்டு விசில் கொடுத்தால் போக வேண்டும். சிகரெட் பாக்கெட் எங்கே ஒளிந்திருந்தாலும் டிக்கெட் வாங்காத பயணியைப் பிடிக்கிற மாதிரி பிடித்துவிடுவாள். ஆனால் முதலில் அவ்வளவாக முன்னேற்றம் தெரியவில்லை. "நடந்து சரியாகலன்னா ஆபரேஷன்தான். தேர்வாளர் வர்ற தேதிக்கே வச்சுக்கோ. முந்தின நாள் கடைசியா ஒருதரம் பரிசோதிச்சுட்டு முடிவு பண்ணு" என்று சீஃப் சொல்லிவிட்டார்.

அன்றைக்குத்தான் குழாய் டாக்டரின் வாய் சும்மா இருக்கவில்லை. தேதி கிடைத்த சந்தோஷத்தில் கண்டக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் கால்தான் என் பரீட்சை! அது நல்லபடியா முடிஞ்சா நான் பாஸ்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. நோயாளியிடம் டாக்டருக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அவரும் மனிதர்தானே, மனசு சும்மா இருக்குமா?

பரீட்சைக்கு முந்தின நாள் காலை. பரிசோதனை அறையில் ட்ரெட்மில் தயாராக இருந்தது. நடப்பதற்கு முன்னால் கணுக்காலில் பட்டையைச் சுற்றி, ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கிற சின்னக் கருவியை வைத்து, குழாய் டாக்டர் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டாள். நடுவர் மெஷினில் ஏறினார். கொஞ்ச தூரம் ஒழுங்காக நடந்தார். திடீரென்று, "ஐயோ! அம்மா!" என்று அலறினார். மெஷினிலிருந்து இறங்கித் தரையில் சாய்ந்து, காலைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று உருண்டார். ஒரு கையால் தரையை அடித்தார். டெக்னீஷியன் பெண் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள். கண்டக்டரம்மா மட்டும் அசையாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாய் டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. கெண்டைக்காலில் ரத்தம் போதாமல் வலிக்கிறவர்களை அவள் வருஷக்கணக்காகப் பார்க்கிறாள். அவர்கள் அலறுவதில்லை, உருளுவதில்லை. பேசாமல் நிற்பார்கள். நின்றால் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். இப்படி உருளுகிறவர்களை அவள் டிவியில்தான் பார்த்திருக்கிறாள், பெனால்டி கேட்கிற இடத்தில்.

அவரைப் படுக்கவைத்து மறுபடி பட்டையைச் சுற்றினாள். கால் நிஜமாகவே ரத்தத்துக்குத் தவித்திருந்தால், கணுக்கால் அழுத்தம் சரசரவென்று விழுந்திருக்கும், மெதுவாகத்தான் ஏறும். இங்கே அது இருந்த இடத்திலேயே இருந்தது. நடுவரைக் கேட்டால் நடுவர் பொய் சொல்லலாம், கணுக்காலுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"சார், உங்க மேட்ச்ல ஒருத்தன் இப்படி உருண்டா என்ன பண்ணுவீங்க?"

"அடி பட்டிருக்கான்னு பாப்பேன்."

"படலைன்னா?"

நடுவர் காலைப் பட்டையிலிருந்து மெதுவாக உருவப் பார்த்தார்.

"சொல்லுங்களேன், நடிச்சதுக்கு மஞ்ச கார்டுன்னு" என்றாள் கண்டக்டரம்மா. அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. "டாக்டரம்மா, நான் பொய் சொல்ல மாட்டேன். போன வாரம் டிப்போலருந்து வீடு வரைக்கும் நிக்காம நடந்தாரு. நான்தான் பின்னால மூச்சு வாங்கிட்டு வந்தேன். லீக் ஆபீஸ்ல ஓடிக் காட்டினாரு, இந்த வருஷ ஃபைனலையே இவருக்குக் கொடுத்துட்டாங்க. அதை வேண்டாம்னு எழுதிக் கொடுக்கப் போறாராம், உங்க பரீட்சைக்காக. எவ்வளவு சொல்லியும் கேக்கல."

"நீ ஏன் இப்ப ஒளர்ற?" என்று நடுவர் எழுந்து உட்கார்ந்தார். அசடு வழிந்தது. பிறகு குழாய் டாக்டரை நேராகப் பார்த்தார். "என் கால் கிடக்குது டாக்டரம்மா. அடைப்பு இன்னும் உள்ளதானே இருக்கு? ஒரு வெட்டு வெட்டித் தைங்க, நான் படுத்துக்கிறேன். நீங்க இத்தனை வருஷம் படிச்சது ஆறு மாசம் தள்ளிப் போகக் கூடாது. ஃபைனல் எங்க போகப் போகுது, வேற யாராவது விசில் அடிச்சுட்டுப் போறாங்க."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சொந்தக்காரர்கள்கூட அவளுக்காக ஒரு விரலைக் கொடுக்கமாட்டார்கள், இந்த மனிதர் காலையே நீட்டுகிறார். கோபமும் வந்தது, அவர்மேல் இல்லை, தன் வாய்மேல். "இருங்க, வந்துடறேன்" என்று வெளியே போனாள்.

சீஃபின் அறைக்குப் போகிற வராந்தா நீளமானது. அந்த நீளம் முழுக்க அவள் மனசு அலைபாய்ந்ததை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. அழுத்தம் விழவில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஸ்கேனில் அடைப்பு அப்படியே இருக்கிறது. நோயாளி சம்மதம் என்கிறார், சம்மதம் என்ன, கெஞ்சுகிறார். நாளைக்கு இந்நேரம் எல்லாம் முடிந்து, அம்மாவுக்கு போன் செய்து, "பாஸ்மா" என்று சொல்லலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசை! ஆனால் கத்தி வைத்தால் மாற்றுக் குழாய் அடைத்துக்கொள்ளலாம், புண் ஆறாமல் போகலாம், நன்றாக நடக்கிற கால் நடக்காமல் போகலாம். மாற்றுக் குழாயாக வைப்பதற்குக் காலிலிருந்தே எடுக்கிற நல்ல சிரையை இப்போதே செலவழித்துவிட்டால், பின்னால் ஒருநாள் நிஜமாகவே தேவைப்படும்போது கையை விரிக்க வேண்டியதுதான். அவள் கதவைத் தட்டியபோது முடிவு செய்திருந்தாள்.

"சார், நாளைக்கு கேஸ் இல்ல. அவரு நடக்குறாரு."

சீஃப் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் பிஸ்கட் ஊறி உள்ளே விழுந்துவிட்டது. "வேற கேஸ்?" என்றார்.

"நாளைக்குள்ள தயார் பண்ற மாதிரி யாரும் இல்ல சார்."

"படத்துல அடைப்பு இருக்கு. நீ பண்ணினா யாரும் உன்னைக் கேள்வி கேக்க முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும் சார். அவரு காலு சார்."

சீஃப் டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். "டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு. ஆமா. திட்டுறதா இருந்தா சாயங்காலம் திட்டு, இப்ப பக்கத்துல பொண்ணு நிக்குது." போனை வைத்துவிட்டு, "போ, போய் அந்த நடிகரை வீட்டுக்கு அனுப்பு" என்றார். குரலில் எரிச்சல் இருந்தது, ஆனால் வழக்கமான எரிச்சலைவிடக் கொஞ்சம் மெதுவாக இருந்தது.

நடுவர் கேட்டதும் சண்டைக்கே வந்துவிட்டார். "என் காலு, நான் சொல்றேன், வெட்டுங்க" என்றார். "உங்க காலுதான் சார், ஆனா கத்தி என்னோடது" என்றாள் அவள். "நீங்க ஃபைனலுக்குப் போங்க. எனக்கு ஆறு மாசத்துல வயசொண்ணும் போயிடாது." கண்டக்டரம்மா பதில் எதிர்பார்க்காமல் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினாள். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்கவில்லை. நடுவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கதவு வரை போனவர் திரும்பி வந்து, அவள் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் தேர்வாளர் வந்தார். பயணக் களைப்பும் பசியுமாக இருந்தவர், காலியான ஆபரேஷன் தியேட்டரைப் பார்த்ததும் முகம் சுளித்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ரூல் ரூல்தான். ஆபரேஷனைப் பாக்காம நான் கையெழுத்து போட முடியாது."

"தெரியும் சார்."

"வருத்தமா இருக்கா?"

"இருக்கு சார். ரொம்ப."

"இருக்கும்" என்றார் அவர். பிறகு, "நான் போகும்போது உங்க சீஃப்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அடுத்த தடவையும் என்னையே கூப்பிடச் சொல்லி. கேன்டீன் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு போன் செய்தபோதுதான் அவள் குரல் உடைந்தது. மகள் பாஸாகப் போகிறாள் என்று அம்மா தெருவில் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டாளே!

"ஃபெயிலா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, பரீட்சையே நடக்கல. அந்த ஆளுக்கு ஆபரேஷன் தேவையில்லாமப் போச்சு."

"அவரு நடக்குறாரா?"

"நல்லா நடக்குறாரு."

"அப்புறம் என்னடி அழற? என் பொண்ணு கத்தியே வைக்காம ஒருத்தரை நடக்க வச்சுட்டான்னு சொல்லிக்கிறேன். அது இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. நரம்பு எது, குழாய் எது என்று தெரியாத அம்மாதான். குழாய் டாக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

ஃபைனல் அன்று மைதானம் நிரம்பி வழிந்தது. கண்டக்டரம்மா லீவு போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தாள். குழாய் டாக்டரோடு தம்பியும் வந்தான். கடற்கரைக்குப் போக முடியாத சீஃபும், "எங்கயாவது போய்த் தொலையணுமே" என்று முனகிக்கொண்டு மனைவியோடு வந்து உட்கார்ந்தார்.

ஆட்டம் சமமாகவே போய்க்கொண்டிருந்தது. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். இந்தப் பக்கக் கோல்கீப்பர் பந்தைப் பிடித்து ஓங்கி உதைத்தார். பந்து மைதானத்தின் நடுவைத் தாண்டிப் பறந்தது. அத்தனை பேரும் அந்தக் கோடிக்கு ஓடினார்கள். நடுவரும் ஓடினார்.

குழாய் டாக்டர் தன்னை அறியாமல் எழுந்து நின்றாள். அவர் மைதானத்தின் பாதியைக் கடந்தார். கெண்டைக்கால் பிடிக்க வேண்டுமானால் இப்போதுதான் பிடிக்கும். விசில் அவர் கையில் இருந்தது, வாய்க்குப் போகவில்லை. இடது கால் தரையில் ஊன்றியது, எழுந்தது, ஊன்றியது, எழுந்தது. "நிக்கல... நிக்கல..." என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்டக்டரம்மா அவள் கையை நசுங்கிப்போகிற அளவுக்குப் பிடித்திருந்தாள். அவர் அந்தக் கோடி வரை போய்ச் சேர்ந்தார், ஒரு இடத்திலும் நிற்காமல்.

மைதானமே வெடித்த மாதிரி சத்தம் கேட்டது. தொப்பிகள் பறந்தன. தம்பி அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"பாத்தியாக்கா? பாத்தியா? என்ன கோலு!"

"எந்தக் கோலு?" என்றாள் அவள். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

தம்பி தலையில் அடித்துக்கொண்டு சீஃப் பக்கம் திரும்பினான். "சார், நீங்களாவது பாத்தீங்களா?"

சீஃப் இன்னும் நடுவரின் இடது காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இரு தம்பி" என்றார், "யாரு போட்டது?"